கூடையில்லாத கால்

காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலைப் போல, பம்பிள் தேனீக்களின் கூட்டுக்குள் புகுந்து பிழைக்கும் குயில் பம்பிள் தேனீக்களும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக இவற்றில் ஆறு இனங்கள். இவற்றை இனம் காண்பதில் நிறத்தைக் கடைசிச் சாட்சியாகத்தான் வைக்க வேண்டும் என்பேன். கிழக்கு மாநிலங்களில் பரவலாகக் காணப்படும் பாம்பஸ் சிட்ரினஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்பு எலுமிச்சை மஞ்சள். வயிறோ சிலவற்றில் முழுக் கறுப்பு, சிலவற்றில் மஞ்சள் கலந்தது. கறுப்பு வயிற்றுத் தேனீயைப் படத்தில் பார்ப்பவர், அது யாருடைய கூட்டில் புகுகிறதோ அந்த பாம்பஸ் இம்பேஷியன்ஸ் என்றே எண்ணிவிடுவார். திருடனையும் வீட்டுக்காரரையும் பிரித்துச் சொல்லாத நிறம் எப்படி முதல் சாட்சியாகும்?

காலோ வாழ்க்கை முறையையே சொல்லிவிடுகிறது. உழைக்கும் பம்பிள் தேனீயின் பின்னங்காலில் ஒரு பகுதி தட்டையாக, பளபளவென்று, விளிம்பில் மட்டும் நீண்ட மயிரோடு இருக்கும். மகரந்தத்தை அள்ளிவரும் கூடை அதுதான். குயில் தேனீயின் பெண் தன் குஞ்சுகளுக்காக மகரந்தம் சேர்ப்பதில்லை. கூட்டின் ராணியைக் கொன்றோ அடக்கியோ தன் முட்டைகளை இடுகிறது. வளர்க்கும் வேலை அந்தக் கூட்டின் வேலைக்காரத் தேனீக்களுக்கு. ஆகவே அதன் காலில் கூடை இல்லை. அந்த இடம் புடைத்து, முழுக்க மயிர் படர்ந்திருக்கும். தேகத்தின் ஓடும் தடித்தது. கூட்டில் நடக்கும் சண்டையைத் தாங்கியாக வேண்டுமே. இங்கே ஒரு மறுப்பு எழும்: எல்லா பம்பிள் இனங்களின் ஆணுக்கும் கூடை கிடையாதே? உண்மைதான், பலர் ஏமாறும் இடமும் இதுவே. அதனால் முதலில் பாலினத்தை உறுதிசெய்ய வேண்டும். உணர்கொம்பில் பெண்ணுக்கு 12 கணுக்கள், ஆணுக்கு 13. பெண் என்று தெரிந்து, கூடையும் இல்லையென்றால் ஐயத்துக்கு இடமில்லை.

ஆனால் ‘குயில் தேனீ’ என்று சொல்வதோடு நின்றுவிட முடியாது. மேற்குப் பகுதியின் பாம்பஸ் சக்லியையும் பாம்பஸ் இன்சுலாரிஸையும் பிரிக்க, பெண்ணின் வயிற்று நுனியில் அடிப்பக்கத் தகட்டின் இருபுற முகடுகள் எவ்வளவு புடைத்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். சக்லியின் வாழ்வு பாம்பஸ் ஆக்ஸிடென்டாலிஸ் போன்ற இனங்களின் கூடுகளை நம்பியிருக்கிறது. அந்த இனம் 1990களிலிருந்து மேற்கின் பல பகுதிகளில் அருகிவிட்டது. கூடு குறைந்தால் அதை நம்பிய விருந்தாளியும் குறைந்தாக வேண்டும். 2024 டிசம்பரில் அமெரிக்க மீன், வனவுயிர்த் துறை சக்லியை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்க முன்மொழிந்தது. இந்த நிலையில் ஓர் இன்சுலாரிஸைச் சக்லி என்று பதிவுசெய்தால், இல்லாத இடத்தில் அது இருப்பதாகக் கணக்கு ஏறும். சக்லியை இன்சுலாரிஸ் என்று எழுதினால், காக்க வேண்டிய புல்வெளி கண்ணுக்குத் தப்பிவிடும்.

அரிய உயிரை ஊசியில் குத்திவைத்துத்தான் இதைச் செய்ய வேண்டுமா என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலான சமயம் கொல்லத் தேவையில்லை. குப்பியில் சிறிது நேரம் குளிரவைத்தால் தேனீ அசையாது. காலையும் வயிற்று நுனியையும் முகத்தையும் படமெடுத்துவிட்டுப் பறக்கவிடலாம். அப்போதும் தீராத ஐயத்துக்கு, காலின் நுனித் துண்டு ஒன்றிலிருந்தே மரபணுவைப் படிக்க முடியும். அருங்காட்சியகப் பெட்டிகளில் ஏற்கெனவே இருக்கும் பழைய மாதிரிகளின் கால்களையும் முகடுகளையும் மறுபடி பார்ப்பது இதைவிட அவசரம். முன்பு ஓர் இனம் எங்கெல்லாம் இருந்தது என்பதற்கு அந்தப் பெயர்ச்சீட்டுகளே ஆதாரம். அவற்றில் நிறத்தை மட்டும் பார்த்து எழுதிய பெயர்கள் எத்தனையோ.