ஒரு கோடி தட்டுக்கு 28 நிமிடம்: கம்ப்ரசர் பிளேடு ஏன் அதிருது?

போன எபிசோடில் ஜெட் இன்ஜின் கம்ப்ரசர் காற்றை எப்படி அழுத்துகிறது என்று பார்த்தோம். இன்னைக்கு, அதே காற்று பிளேடை எப்படி உடைக்கும் என்று பார்ப்போம்.

கம்ப்ரசரில் ரோட்டர் வரிசை சுழலும், ஸ்டேட்டர் வரிசை அப்படியே நிற்கும். இப்படி மாறி மாறி பல அடுக்கு. ஆற்றுப் பாலத்தூணுக்குப் பின்னால தண்ணி கலங்கி, மெதுவாகப் போகும் இல்லையா? அதே மாதிரி ஒவ்வொரு ஸ்டேட்டர் பிளேடுக்குப் பின்னாலயும் காற்று மந்தமாகும். ரோட்டர் பிளேடு அந்த மந்தக் காற்றை ஒவ்வொன்றாகக் கடக்கும்போது, ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னத் தட்டு விழும்.

கணக்கு போடலாம். ஸ்டேட்டரில் 40 பிளேடு, ரோட்டர் நிமிடத்துக்கு 9,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 150 சுற்று. அப்போ 6,000 தட்டு. பிளேடின் இயல்பு அதிர்வெண்ணும் 6,000 ஹெர்ட்ஸாக இருந்தால்? ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுற கதைதான். வீச்சு ஏறிடும். ஒரு கோடி அதிர்வு முடிய 28 நிமிடம் போதும். உலோகம் சோர்ந்து விரிசல் விடலாம்.

பல அடுக்கு என்பதால் தொல்லை அதிகம். இரண்டு வரிசை முன்னால கிளம்பிய கலக்கமும் வந்து சேரும். பின்னால நிற்கும் ஸ்டேட்டரின் அழுத்தமும் முன்பக்கம் வந்து தட்டும்.

காலேஜில் கேம்பெல் வரைபடம் வரைந்திருக்கிறேன், மார்க்குக்காக. ஜெனரல் எலக்ட்ரிக்கில் நீராவி டர்பைன் சக்கரங்களின் அதிர்வை ஆராய்ந்து 1924-ல் கட்டுரை எழுதிய வில்ஃப்ரெட் கேம்பெல் பெயர் அது. கிடை அச்சில் சுழற்சி வேகம், நிலை அச்சில் அதிர்வெண். பிளேடின் கோடு கிட்டத்தட்டப் படுத்திருக்கும். தட்டுகளின் கோடு சாய்வாக ஏறும். இரண்டும் வெட்டுற வேகம்தான் ஆபத்து.

அப்போ எனக்குப் புரியாதது ஒன்று உண்டு: எல்லா வெட்டுப்புள்ளியையும் தவிர்க்க முடியாது. ஸ்டார்ட் ஆகி முழு வேகத்துக்குப் போகும் வழியில் சிலதைத் தாண்டியே ஆகணும். அதனால, இன்ஜின் நெடுநேரம் ஓடும் வேகத்தில் பெரிய வெட்டு வராதபடி பிளேடு எண்ணிக்கையைத் தேர்வு செய்கிறார்கள். மிச்சத்தைச் சட்டென்று கடக்கணும், இல்லைனா அந்த அதிர்வைத் தாங்குற மாதிரி பிளேடை வடிவமைக்கணும்.

சர்வரின் சராசரி லோடைப் பார்த்து "சேஃப்" என்று சொல்லிப் பழகியவன் நான். இந்தப் பிளேடுக்கு அந்தச் சராசரி எதையும் சொல்லாது. தட்டு எந்தத் தாளத்தில் விழுதுன்னு பார்க்கணும்.

வெளியிலிருந்து தாளமே இல்லாமல், பிளேடு தானாக அதிர ஆரம்பித்தால்? அதுதான் ஃப்ளட்டர். அடுத்த எபிசோடில் பேசலாம்.