புத்தாண்டில் தொடங்கிய நடை பொங்கலுக்குள் நின்றுவிடுவது ஏன்?

சிட்னியின் மேற்கேயுள்ள வில்லாவுட்டில், ஜனவரி மாதத்துக் கோடை வெயில் ஏறுமுன் புதுக் காலணி பூட்டி, நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடப்பதென்ற சங்கற்பத்தோடு புறப்படுகிற நம்மவர் சிலர், இரண்டே வாரத்தில் அக்காலணியை வாசலோரம் தூசி படியவிட்டுவிடுகிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று பழிப்பது நியாயமன்று.

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து. வைத்தியர் விதித்த அளவன்று அது!

எதிர்பார்த்த பலனையும் கைக்கு வந்த பலனையும் ஓயாது ஒப்பிட்டுப் பார்ப்பது மூளையின் சுபாவம். இலக்கு மலையளவாயின், நாலாயிரம் அடி நடந்த பிரயாசையும் அதன் கணக்கில் நஷ்டமாகவே பதிகிறது; உற்சாகம் வடிகிறது.

புதுத் தோசைக்கல்லை நினைத்துப் பாருங்கள். முதல் நாளே இருபது தோசை வார்த்தால் அத்தனையும் ஒட்டிக்கொள்ளும். தினந்தோறும் சிறிது எண்ணெய் தடவிச் சூடேற்ற, கல் தானே பழகிவிடும். ஒரே வேளையில், ஒரே செயலுக்குப் பின், திரும்பத் திரும்பச் செய்யப்படும் சிறு நடையும் அவ்வாறே யோசனையின் தயவின்றி நிகழத் தொடங்குகிறது.

எத்தனை நாளில்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியார் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை வேறுபட்டது. இடையே ஒருநாள் தவறியதால் பழக்கம் குலையவில்லை என்பதே எனக்குப் பெரும் ஆறுதல் தந்த செய்தி.

ஆகவே, நாளைக் காலை காப்பி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும், தெருமுனை வரை பத்தே நிமிஷம் நடந்து வாருங்களேன்.