குமரப்பருவமும் பெரியோர் சொல்லும்

ஐதராபாத் நகரின் வடபகுதியில், செகந்திராபாத் கண்டோன்மெண்டை ஒட்டி அமைந்துள்ளது அல்வால். படைத்தொழிலையும் பிற தொழில்களையும் நாடி முன்னாள் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இவ்வட்டாரத்தில் வாழ்ந்து வருகின்றன. இக்குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும் உருதுவும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகின்றனர். மருந்துச் சீட்டில் எழுதியிருப்பதைப் பாட்டிக்குத் தமிழில் எடுத்துரைப்பதும், வங்கியில் தாய்க்காகப் படிவம் நிரப்புவதும் பதினான்கு, பதினைந்து வயதினரால் இயல்பாகச் செய்யப்படும் பணிகள். ஆயினும் அதே பிள்ளைகள் மாலையில் பேருந்து நிறுத்தத்தில் நால்வராகக் கூடி நின்றால் வழிப்போக்கர் முகம் சுளிக்கின்றனர். "இந்த வயதே இப்படித்தான், சொன்னால் கேட்கமாட்டார்கள்" என்ற தீர்ப்பு உடனே பிறந்துவிடுகின்றது.

இத்தீர்ப்பு அல்வாலுக்கு மட்டும் உரியதன்று, எவ்வூரிலும் கேட்கக்கூடியதே. அது வெறும் பேச்சாக நின்றுவிடுகின்றதா, அன்றிப் பிள்ளைகளின் வளர்ச்சியையே மாற்றுகின்றதா என்பதை உளவியலார் ஆராய்ந்துள்ளனர். அவர்கள் கண்ட முடிவுகள் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் கருத்தில் கொள்ளத்தக்கவை.

பழைய கருத்தும் அதன் மறுப்பும்

குமரப்பருவத்தைத் தனியொரு ஆராய்ச்சித் துறையாக்கியவர் அமெரிக்க உளவியலறிஞர் ஸ்டான்லி ஹால். 1904ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பெருநூல் இப்பருவத்தைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்ததாகச் சித்திரித்தது. இக்கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1960களில் டேனியல் ஆஃபர் என்னும் மனநல மருத்துவர் சிகாகோ வட்டாரத்து மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்களுள் பெரும்பாலோர் பெற்றோருடன் நல்லுறவு கொண்டு, பெருங்குழப்பமின்றியே வளர்ந்ததை அவர் கண்டார்.

பழைய கருத்தில் உண்மையே இல்லை என்பதன்று. ஆராய்ந்து முடிவெடுத்தல், தன்னை அடக்குதல் ஆகியவற்றுக்குத் துணைபுரியும் முன்மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரும் முதிர்ந்துகொண்டே இருக்கின்றது. இன்பத்தையும் பாராட்டையும் நாடத் தூண்டும் பகுதிகளோ குமரப்பருவத்திலேயே விழிப்படைந்து விடுகின்றன. எனவே, தோழர் சூழ்ந்திருக்கும்போது துணிச்சலான செயல்களில் நாட்டம் மிகுதல் உண்டு. எனினும் நாட்டம் வேறு, விதி வேறு. இவ்வயதின் மூளை சூழ்நிலைக்கேற்ப வளையும் தன்மை மிகுந்தது. தீமையை ஏற்கும் அந்த நெகிழ்வே நன்மையையும் ஏற்கின்றது.

எதிர்பார்ப்பு நிறைவேறும் விதம்

கிறிஸ்டி புக்கானன், ஜோனா ஹியூஸ் ஆகியோரின் ஆராய்ச்சி 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. குமரப்பருவத்தின் வாயிலில் நின்ற பிள்ளைகளையும் அவர்தம் தாய்மாரையும் அணுகி, வருங்காலத்தைப் பற்றி அவர்கள் எதிர்பார்ப்பது யாது என்று வினவினர்; ஓராண்டு கழித்து மீண்டும் வினவினர். எதிர்ப்புணர்ச்சியும் அடங்காமையும் வரும் என்று முன்னரே எதிர்பார்த்த இடங்களில், அத்தகைய நடத்தை பின்னர் மிகுதியாகக் காணப்பட்டது. பிள்ளையின் முந்தைய நடத்தையைக் கணக்கில் கொண்ட பின்னரும் இத்தொடர்பு புலப்பட்டது.

இது நிகழும் வழியை ஊகிப்பது கடினமன்று. பிள்ளை தவறுவான் என்று எண்ணும் பெரியோர் அவனை மிகுதியாகக் கண்காணிக்கின்றனர்; குறைவாக நம்புகின்றனர்; பொறுப்பான வேலையை அவனிடம் ஒப்படைப்பதில்லை. பொறுப்பில்லாத இடத்தில் பொறுப்புணர்ச்சிக்குப் பயிற்சியும் இல்லை. மற்றொரு புறம், "எல்லோரும் இவ்வயதில் இப்படித்தான் இருப்பார்கள்" என்று அடிக்கடி கேட்கும் பிள்ளை, அதனையே தன் வயதின் இலக்கணமாகக் கொள்கின்றது.

யாங் கூ என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய துணைவர்களும் இவ்வழியில் மேலும் சென்றுள்ளனர். குமரப்பருவத்தைப் பொறுப்பற்ற காலம் என்று கருதிய மாணவரிடம் அபாயச் செயல்கள் மிகுந்ததையும், தன்னடக்கத்தின்போது முன்மூளையின் இயக்கம் காலப்போக்கில் மாறியதையும் 2018ஆம் ஆண்டில் அவர்கள் எடுத்துரைத்தனர். அது சிலரைக் கொண்டே செய்த ஆராய்ச்சி; ஆதலின் அதனை முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது. பின்னர்ச் சீனாவில் ஏழாம் வகுப்பு மாணவரிடையே, இவ்வயதினரின் பொறுப்பான செயல்களை நினைவூட்டும் எளிய பயிற்சியொன்றை அவர்கள் நடத்தினர். அடுத்த சில நாட்களில் அம்மாணவர் படிப்பில் கூடுதல் ஈடுபாடு காட்டினர் என்று 2020ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

நம் நாட்டுச் சான்று

கருதப்படும் விதம் திறனையே குறைக்கக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலும் சான்று உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குக் காகிதத்தில் அச்சிட்ட புதிர்ப்பாதைகளை அளித்து வழி கண்டுபிடிக்கச் செய்தனர். எவர் எச்சாதியினர் என்பது வெளியிடப்படாதபோது இரு பிரிவினரும் ஏறத்தாழச் சமமாகவே விடையளித்தனர். பலர் முன்னிலையில் சாதி அறிவிக்கப்பட்டதும், தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் கண்டுபிடித்த விடைகள் குறைந்தன. அவர்கள் கூர்மதி ஒரு நிமிடத்தில் மழுங்கிவிடவில்லை. தம்மைப் பிறர் எவ்வாறு எடைபோடுவர் என்ற நினைவே குறுக்கிட்டது. இச்சோதனை வயதைப் பற்றியதன்று. எனினும் முத்திரை குத்துதல் வேலை செய்யும் விதத்தை விளக்குகின்றது.

சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் தவறிழைத்த சிறுவரைக் குற்றஞ்செய்யும் இளைஞர் என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விடுத்து, சட்டத்துடன் முரண்பட்ட இளைஞர் என்றது. 2015ஆம் ஆண்டுச் சட்டமோ, குழந்தை தொடர்பான நடவடிக்கைகளில் பழிசுமத்தும் சொற்களைப் பயன்படுத்தலாகாது என்பதையே ஒரு கோட்பாடாக வகுத்துள்ளது.

செய்யத்தக்கவை

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, நம் மக்களுள் ஐவரில் ஒருவர் பத்து முதல் பத்தொன்பது வயதினர். இவர்களுக்கென 2014ஆம் ஆண்டில் தேசிய குமரப்பருவ நலத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒத்த வயதினரையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவிப்பது அதன் ஓர் அங்கம். பிள்ளைகளை நம்பினாலன்றி இத்தகைய முறை பயன் தராது.

ஆசிரியர்கள் செயலைக் கண்டிக்கலாம். வயதைக் கண்டித்தல் கூடாது. "நீ இன்று வீட்டுப்பாடம் செய்யவில்லை" என்பது திருத்தத்திற்கு இடமளிக்கும். "உங்கள் வயதினர் எவரும் உருப்பட மாட்டார்கள்" என்பது இடமளிக்காது. வகுப்பில் குறும்பன் எனப் பெயர் பெற்றவனிடம் சிறு பொறுப்பொன்றை ஒப்படைத்துப் பார்க்கலாம். பெற்றோர் கூட்டங்களில், வரப்போகும் தொல்லைகளை மட்டும் எச்சரிக்காமல், இவ்வயதில் வளரும் ஆற்றல்களையும் எடுத்துரைத்தல் நன்று.

களப்பணியாளர் மறக்கலாகாதது ஒன்றுண்டு. மனநோய்களுள் கணிசமானவை இப்பருவத்திலேயே தலைகாட்டுகின்றன. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, தோழரை விட்டு ஒதுங்குதல், உயிர்மேல் வெறுப்புத் தோன்றும் பேச்சு ஆகியவற்றையும் "இந்த வயதே இப்படித்தான்" என்று தள்ளிவிட்டால், உதவி வேண்டிய பிள்ளை உதவி பெறாது போகும். இப்பழமொழியால் விளையும் கேடுகளுள் இதுவே கொடியது.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் நால்வருள் ஒருவன், சற்று முன்னர்த்தான் பாட்டியின் மருந்துச் சீட்டைப் படித்துக் கூறிவிட்டு வந்திருக்கக்கூடும். அவனைப் பற்றி ஏதேனும் சொல்ல வாயெடுக்குமுன் அதனை நினைவிற் கொள்ளுதல் பெரியோர் கடமை.