வீட்டுப் பெரியவர்களின் குரலில் ஒரு பாட்காஸ்ட்: கரு, ஒலி, முகப்புப் படம்

சென்ற ஆண்டு எங்கள் நன்னி வஃபாத்தானார்கள். சில நாட்கள் கழித்து, அவர்களின் குரல் யாருடைய போனிலாவது இருக்கிறதா என்று தேடினோம். புகைப்படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. குரல் என்று கிடைத்தது ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்திதான். "ஆணத்துக்கு உப்பு பார்த்தியா? போன வாரம் கம்மியா இருந்துச்சு. புள்ளைய கை கழுவச் சொல்லு. வச்சிடுறேன்." அவ்வளவுதான்.

அதைக் கேட்ட பத்து வயதுப் பேத்தி கேட்டாள்: "ஆணம்னா என்ன?"

முகப்பேரில் அடுத்தடுத்த தெருக்களில் வசிக்கும் எங்கள் மூன்று குடும்பங்களும் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் தொடங்கியதற்கு அந்தக் கேள்விதான் காரணம். செய்யும்போது நாங்கள் கற்றதையும் செய்த தவறுகளையும் இங்கே எழுதுகிறோம். உங்கள் வீட்டிலும் இதைச் செய்ய முடியும். பெரிய செலவும் இல்லை.

பாட்காஸ்ட் என்றால் என்ன?

வேண்டிய நேரத்தில் கேட்கக்கூடிய, தொடராக வரும் ஒலி நிகழ்ச்சிதான் பாட்காஸ்ட். வானொலியில் நேரம் தவறினால் நிகழ்ச்சி போய்விடும். இது போனில் காத்திருக்கும். 2004-இல் பென் ஹேமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல் முதலில் வந்தது. 2005-இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்டுகளுக்கு இடம் கொடுத்த பிறகு உலகெங்கும் பரவியது.

ஆனால் தொடர் நிகழ்ச்சியைக் காதால் கேட்டு வளர்வது நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. தென் தமிழகக் கடலோர ஊர்களில் இலங்கை வானொலி கேட்காத வீடு அரிதாக இருந்தது. அதன் முஸ்லிம் சேவையும், பி.எச்.அப்துல் ஹமீது அவர்களின் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியும் இன்றும் பலருக்கு நினைவிருக்கும். அவர் பேசும்போது கூட்டத்தைப் பார்த்துப் பேசுவது போல இருக்காது, நம் ஒருவரிடம் பேசுவது போல இருக்கும். பாட்காஸ்டுக்கும் அந்தப் பண்புதான் வேண்டும்.

முதலில் கரு: யாருக்காகப் பேசுகிறோம்?

எங்கள் முதல் யோசனை 'தமிழ் முஸ்லிம்களின் வரலாறு' என்பதாக இருந்தது. இரண்டு வாரம் குறிப்பெடுத்தோம். ஒரு நிமிடம்கூடப் பதிவு செய்ய முடியவில்லை. பொருள் பெரிது, கேட்பவர் யாரென்றே தெரியவில்லை.

பிறகு கேள்வியை மாற்றினோம். யாருடைய காதுக்காக இதைச் செய்கிறோம்? ஆணம் என்றால் என்ன என்று கேட்ட அந்தப் பத்து வயதுப் பிள்ளைக்காக. அவள் ஆங்கில வழியில் படிக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். புத்தகமாகக் கொடுத்தால் அவளுக்குப் போய்ச் சேராது. காது வழியாகக் கொடுத்தால் சேரும்.

முகப்பேரில் நம்மவர்கள் பெரும்பாலும் வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் பாடியிலும் வேலை கிடைத்து வந்தவர்கள், முகப்பேர் ஏரித் திட்டத்தில் வீடு வாங்கி வந்தவர்கள் என்று பலர். ஒரு வீட்டில் அத்தா, இன்னொரு வீட்டில் வாப்பா. ஒரு வீட்டில் ராத்தா, பக்கத்து வீட்டில் லாத்தா. கீழக்கரை, காயல்பட்டினம், தஞ்சைப் பகுதி என்று ஊருக்கு ஊர் மாறிய இந்தப் பேச்சு, பிள்ளைகளின் தலைமுறையில் மம்மி, டாடி, அங்கிள், ஆன்ட்டி என்று ஒன்றாகிக்கொண்டிருக்கிறது.

எனவே கருவை ஒரே வாக்கியத்தில் எழுதினோம்: ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பெரியவர், தம் வீட்டுச் சொல் ஒன்றைப் பற்றி, ஒரு பிள்ளையிடம் பேசுகிறார். முதல் பகுதி 'ஆணம்'. நம் வீடுகளில் குழம்பைக் குறிக்கும் இந்தச் சொல் தமிழ் அகராதியில் உள்ள பழைய சொல். 'குழம்பு' என்று சொல்லத் தெரியாமல் சொன்னதல்ல. இரண்டாம் பகுதி 'பசியாறுதல்'. காலை உணவுக்கு இதைவிட நல்ல சொல் உண்டா?

ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாத கருவைத் தொடங்க வேண்டாம் என்பது எங்கள் அனுபவம். அந்த வாக்கியம் இருந்தால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும். நீளம் எவ்வளவு? பள்ளி வேனில் போகும் நேரம், அதாவது 12 நிமிடம். எத்தனை பகுதி? முதல் தொடருக்கு எட்டு. மூன்றைப் பதிவு செய்து கையில் வைத்துக்கொண்டுதான் முதல் பகுதியை வெளியிட்டோம். இல்லாவிட்டால் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தாலே தொடர் நின்றுவிடும்.

பெயரும் கருவிலிருந்துதான் வர வேண்டும். தீபிகா அருண் தமிழ் நூல்களை வாசித்து வழங்கும் 'கதை ஓசை'யைப் பாருங்கள். இரண்டே சொல்லில் என்ன கேட்கப் போகிறோம் என்பது புரிந்துவிடுகிறது. எங்கள் தொடருக்கு 'வீட்டுச் சொல்' என்று பெயர் வைத்தோம்.

ஒலி: வீட்டிலேயே பதிவு செய்வது எப்படி?

எங்கள் முதல் பதிவு வீணானது. ஹாலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பதிவு செய்தோம். விசிறிச் சத்தம், குக்கர் விசில், தெருவில் தண்ணீர் லாரி, நடுவில் சின்ன நன்னி. கேட்டுப் பார்த்தபோது லாரிதான் தெளிவாக இருந்தது. பின்னர் கற்றவை இவை.

இடம்: சாமான் நிறைந்த சின்ன அறைதான் நல்லது. வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் குரலை எதிரொலிக்கும். மெத்தை, போர்வை, துணி நிறைந்த பீரோ ஆகியவை எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் ஸ்டூடியோ ஒரு படுக்கையறை, பீரோவின் கதவு திறந்தபடி.

நேரம்: ஃபஜ்ருக்குப் பிறகு, பள்ளி வேன்கள் கிளம்புவதற்கு முன். தெருவும் அமைதி, பெரியவர்களின் குரலும் தெளிவாக இருக்கும்.

கருவி: தொடக்கத்துக்கு நல்ல போன் போதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதி 'டப்' என்று கேட்கும்.

அமைதி: பேச்சு தொடங்கும் முன், யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் அமைதியைப் பதிவு செய்யுங்கள். பின்னர் ஓரிடத்தை வெட்டினால் அந்த இடைவெளியில் இதை வைக்கலாம். இல்லையென்றால் வெட்டிய இடம் காதில் உறுத்தும்.

தொகுப்பு: ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஒலியளவு சீராக இருக்க வேண்டும். ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு மைனஸ் 16 எல்கேஎஃப்எஸ், ஒரு டெசிபல் கூடக் குறைய இருக்கலாம். ஆடாசிட்டியில் இது மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். இந்த அளவை எண்ணாகவே கொடுத்துவிடலாம். கேட்பவர் பகுதிக்குப் பகுதி சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்காது.

வெட்டக் கூடாதது: முதலில் சின்ன நன்னியின் தயக்கம், இருமல், "அது வந்து கண்ணு" எல்லாவற்றையும் வெட்டினோம். செய்தி வாசிப்பது போல ஆகிவிட்டது. பேத்தி கேட்டுவிட்டு, "இது நன்னி மாதிரியே இல்ல" என்றாள். எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தோம். தகவலுக்காக மட்டும் என்றால் எழுதியே கொடுத்திருக்கலாம். நாம் சேமிப்பது குரலை.

அடையாள ஒலி எது?

அகில இந்திய வானொலியின் தொடக்க மெட்டு காதில் விழுந்ததும், சொல் ஒன்றும் இல்லாமலே அது எந்த நிலையம் என்று நம் பெற்றோருக்குத் தெரியும். 1936-இல் வால்டர் காஃப்மன் அமைத்ததாக அறியப்படும் மெட்டு அது. ஒவ்வொரு பாட்காஸ்டுக்கும் அப்படி ஓர் அடையாள ஒலி தேவை. சில நொடிகள் போதும்.

இங்கே நம் வீடுகளில் ஒரு கேள்வி வரும். இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் மூன்று குடும்பங்களிலேயே உண்டு. விவாதத்தில் நேரம் போக்காமல், வீட்டின் ஒலிகளையே தேடினோம். நன்னி விட்டுச் சென்ற பாக்குவெட்டி இருந்தது. பாக்கு இரண்டாக உடையும் 'டக்', பிறகு ஒரு ஸலாம். நான்கு நொடி. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போது அந்த 'டக்' போதும், ஓடி வந்துவிடுகிறார்கள்.

சிலர் குர்ஆன் ஓதலைப் பின்னணியாக வைக்கலாமே என்றார்கள். நாங்கள் வைக்கவில்லை. ஓதப்படும்போது செவிதாழ்த்திக் கேட்க வேண்டிய வேதத்தை, பேச்சுக்கு அடியில் சன்னமாக ஓடவிடுவது சரியாகப் படவில்லை. 1934 மே 31 அன்று எகிப்து வானொலி ஷைகு முஹம்மது ரிஃப்அத் அவர்களின் ஓதலுடன் தொடங்கியது. வானொலியில் ஓத ஒப்புக்கொள்ளும் முன், அது கூடுமா என்று அஸ்ஹர் அறிஞர்களிடம் அவர் கருத்துக் கேட்டார் என்பார்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்காரும் எவருக்கும் அந்தத் தயக்கம் கொஞ்சம் இருப்பது நல்லது.

நாகூர் ஹனிபா அவர்களின் பாடலில் இரண்டு வரி போடலாமே என்ற ஆசையும் வந்தது. ஆனால் பாடல் பதிவுகளுக்கு உரிமையாளர்கள் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 'சில நொடிதானே' என்று எடுத்துப் போட்டுவிட முடியாது. பிறர் உழைப்பை அனுமதியின்றி எடுக்கக் கூடாது என்பதைச் சட்டம் சொல்லித்தான் நாம் அறிய வேண்டும் என்பதில்லை.

முகப்புப் படம்

படம் சதுரமாக இருக்க வேண்டும். ஆப்பிள் கேட்கும் அளவு 3000 × 3000 பிக்சல், குறைந்தது 1400 × 1400. ஆனால் கேட்பவர் அதைப் பார்ப்பது போன் திரையில், தபால்தலை அளவில்தான். வரைந்த படத்தை அந்த அளவுக்குச் சுருக்கி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பெயர் படிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் மாற்றுங்கள்.

தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. மெல்லிய எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடும். 'சொல்' என்பது 'சொல' ஆகிவிடும். தடித்த எழுத்துருவாக எடுங்கள். முக்தா மலர், பலூ தம்பி, கட்டமரன் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. அரபி எழுத்துச் சேர்ப்பதானால், தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு வெளியிடுங்கள். சில வரைகலை மென்பொருள்களில் அரபி எழுத்துகள் பிரிந்தும் தலைகீழ் வரிசையிலும் வந்துவிடும்.

எங்கள் முதல் படத்தில் மைக், ஹெட்போன், பிறை, குவிமாடம் எல்லாம் இருந்தன. அழகாகத்தான் இருந்தது, ஆனால் அது யாருடைய பாட்காஸ்டாகவும் இருக்கலாம். சின்ன நன்னியின் முகத்தைப் போடலாமா என்று கேட்டோம். "குரல் போதும், மூஞ்சி எதுக்கு" என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இப்போது படத்தில் இருப்பது பச்சைப் பின்னணியில் ஒரு பாக்குவெட்டி, கீழே இரண்டு சொல். காதில் கேட்பதும் கண்ணில் படுவதும் ஒரே பொருள்.

அனுமதி என்ற அமானிதம்

ஸ்பாடிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் போன்ற இலவசத் தளம் ஒன்றில் பதிவேற்றினால், ஆர்எஸ்எஸ் என்ற ஓடை முகவரி கிடைக்கும். அதை ஒருமுறை மற்ற செயலிகளில் பதிந்துவிட்டால், புதிய பகுதிகள் தாமாகவே அங்கும் வந்துவிடும். இது எளிது. அதனால்தான் கவனமாக இருக்க வேண்டும். ஊருக்குப் போன குரலைத் திரும்ப அழைக்க முடியாது.

பெரியவர்கள் பேச்சுவாக்கில் பழைய சண்டைகளையும் சொத்துக் கதைகளையும் பிறர் வீட்டுப் பெயர்களையும் சொல்வார்கள். வெளியிடும் முன் முழுப் பகுதியையும் அவர்களுக்கே போட்டுக் காட்டுகிறோம். வேண்டாம் என்ற இடம் நீங்கும். ஒரு வீட்டு மூதாட்டி தம் குரல் வெளியே போக வேண்டாம் என்றார்கள். அந்தப் பதிவு அவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு பென்டிரைவில் போயிற்று. அதுவும் நல்ல முடிவுதான். எல்லாக் குரலும் ஊருக்கானது அல்ல, சில குரல்கள் வீட்டுக்கு மட்டும்.

பாட்காஸ்ட் தொடங்க நேரமில்லை என்றாலும் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த விடுமுறை நாளில் உங்கள் வீட்டுப் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அனுமதி கேட்டு, போனை ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஒரே ஒரு சொல்லைப் பற்றிக் கேளுங்கள். பெயரும் தேதியும் போட்டு இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

எங்களிடம் நன்னியின் குரல் ஒரு வாட்ஸ்அப் செய்தி அளவுக்கே இருக்கிறது. அதைத்தான் முதல் பகுதியின் தொடக்கத்தில் வைத்திருக்கிறோம். அவர்களின் மறுமை வாழ்வுக்காக நீங்களும் துஆச் செய்யுங்கள்.