சுழல் வீழ்ச்சி

திருவெறும்பூர்க் குன்றின்மேல் நின்று நோக்கினால், திருச்சிராப்பள்ளி நிலையத்தில் இறங்க வரும் விமானங்களைக் காணலாம். வேகம் குறைத்துத் தாழ்ந்து வரும் அவ்வேளையே விமானி மிக்க விழிப்புடன் இருக்கவேண்டிய வேளையாகும்.

வேகம் குறைந்த விமானத்தின் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால், இறக்கையைத் தழுவி ஓடும் காற்று பிரிந்துவிடும். விமானத்தைத் தாங்கும் விசை குன்றும். ஓர் இறக்கை மற்றதைவிட மிகுதியாக விசை இழப்பின், விமானம் சுழன்றுகொண்டே வீழும். இதுவே சுழல் வீழ்ச்சி.

இதில் அகப்பட்டோர் பிழைப்பது அரிதென்றே முன்னாளில் கருதினர். 1912-இல் இங்கிலாந்தில் வில்பிரட் பார்க் என்பார், சுழற்சிக்கு எதிராகச் சுக்கானைத் திருப்பி உயிர் தப்பினார். இன்றைய விமானிகள் பொறியின் வேகத்தைத் தணித்து, சுக்கானை எதிர்ப்புறம் திருப்பி, இயக்குபிடியை முன்னே தள்ளி மீள்கின்றனர்.

இதனை மாணவர் அனைவருக்கும் கற்பிக்க வேண்டுமா? தரைக்கு அருகில் சுழல் நேர்ந்தால் மீள உயரம் இராது. ஆதலின் தடுக்கக் கற்பதே போதும் என்பர் ஒரு சாரார். அமெரிக்கா 1949-இல் தனியார் விமானிகளின் தேர்விலிருந்து இதனை நீக்கியது. பயிற்றாசிரியர்க்கோ இன்றும் இப்பயிற்சி கட்டாயமே. முன்பு காணாத இடர் வந்தால் கை கலங்கும் என்பர் மறு சாரார். பெங்களூரில் உருவான எச்.ஜே.டி.-36 பயிற்சி விமானம், இருபுறமும் ஆறு சுற்றுச் சுழன்று மீள்வதை 2022-இல் மெய்ப்பித்தது.

காவிரியில் நீந்துவோன் சுழியை அறிந்து விலகுதல் முதற்பாடம். அகப்பட்டால் மீளுதல் அடுத்த பாடம். விமானிக்கும் அஃதே முறை. இரண்டாம் பாடத்தைப் போதிய உயரத்தில், தேர்ந்த ஆசிரியர் உடனிருக்கவே கற்றல் வேண்டும்.