‘டிஸ்கமோட்’ தெரியுமா? நம்ம வீட்டு கமோடுக்குச் சொந்தக்கார வார்த்தை!

‘சாரி, உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லணும்னா, பலருக்கும் முதலில் வாயில் வருவது ‘டிஸ்டர்ப்’. கொஞ்சம் ஆபீஸ் தோரணை வேண்டுமென்றால் ‘இன்கன்வீனியன்ஸ்’. இதே வேலைக்கு ஆங்கிலத்தில் அதிகம் புழங்காத இன்னொரு வினைச்சொல்லும் இருக்கிறது: ‘டிஸ்கமோட்’. ஒருவருக்கு அசௌகரியம் உண்டாக்குவது, அவருடைய வசதியைக் கெடுப்பது என்று பொருள்.

கேட்டதும் பாத்ரூம் ஞாபகம் வருதா? தப்பே இல்லை, இரண்டும் ஒரே குடும்பம்தான். லத்தீனில் ‘கொமோதுஸ்’ என்றால் வசதியான, பொருத்தமான என்று அர்த்தம். அது பிரெஞ்சில் ‘கொமோட்’ ஆகி, இழுப்பறைகள் வைத்த மேசைக்குப் பெயரானது. பிறகு இங்கிலாந்தில், அடியில் சட்டியை மறைத்து வைத்த நாற்காலிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நம்ம ஊர் வெஸ்டர்ன் டாய்லெட் வரை வந்தது அந்தப் பெயர்தான். ‘அக்காமடேஷன்’, ‘கமாடிட்டி’ எல்லாம் இதே வேர். 2000-ல் வந்த ‘கிளாடியேட்டர்’ படத்தின் வில்லன், ரோமப் பேரரசர் கொமோடஸ் பெயரும் அதேதான். கி.பி. 192-ல் கொல்லப்பட்ட அவரை ‘வசதியானவர்’ என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்!

சரி, எப்படிப் பயன்படுத்துவது? யாரை என்று சொல்லியாக வேண்டும். ‘தி ஸ்ட்ரைக் டிஸ்கமோடட் தி பாசஞ்சர்ஸ்’ என்றால் வேலைநிறுத்தத்தால் பயணிகள் சிரமப்பட்டார்கள். ‘இன்கமோட்’ என்றாலும் இதே பொருள்தான். ஆனால் ‘டிஸ்கம்ஃபிட்’டுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஒருவரைச் சங்கடத்தில் நெளிய வைப்பது.

மேனேஜருக்கு லீவு மெயில் போடும்போது இதை எடுத்து விடலாமா? வேண்டாம் பாஸ். பழைய நாவல் வாசனை அடிக்கும் சொல் இது. இன்று பெரும்பாலும் எழுத்தில்தான் தென்படுகிறது, அதுவும் கொஞ்சம் நக்கலாக. ‘ஹோப் ஐ டிட்ன்ட் டிஸ்கமோட் யூ’ என்றால், மன்னிப்பு கேட்கிறீர்களா, கலாய்க்கிறீர்களா என்று எதிராளி குழம்பிவிடுவார்.

ஆனாலும் இந்தச் சொல்லில் ஒரு நேர்மை இருக்கிறது. ‘இன்கன்வீனியன்ஸ் காஸ்ட்’டுக்கு வருந்துகிறோம் என்று எத்தனை அறிவிப்புகள் பார்க்கிறோம்! ஆப் முடங்கினாலும், ரயில் லேட்டானாலும் அதே வரிதான். அசௌகரியம் தானாக வந்து விழுந்தது போல இருக்கும். உண்டாக்கியது யார் என்று அதில் இருக்காது. ‘வீ டிஸ்கமோடட் யூ’ என்று எழுதினால் ‘வீ’யைத் தவிர்க்க முடியாது. இன்டர்வியூ மிஸ்ஸான ஒருவருக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

அதற்காக டிஸ்கமோட்தான் வேண்டும் என்றில்லை. ‘ஐ’ம் சாரி ஐ கெப்ட் யூ வெயிட்டிங்’ என்றாலே போதும். யார், என்ன செய்தார் என்ற இரண்டும் அதில் வந்துவிடுகிறது.