என்று? எங்கே? எத்தனை மணிக்கு?

நம் பிள்ளைகள் இங்கிலீஷ் இலக்கணத்தில் கெட்டிக்காரர்கள். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கச் சொன்னால் கண் மூடித் திறப்பதற்குள் ஆக்கிவிடுவார்கள். ஆனால், "பெங்களூரிலுள்ள கல்லூரிக் காரியாலயத்துக்கு டெலிபோன் செய்து, நேர்முகப் பரீட்சைக்கு வேறு நாள் கிடைக்குமா என்று கேள்" என்றால், அதே பிள்ளை தகப்பனாரின் முகத்தைப் பார்க்கிறது. தகப்பனார் தாயாரின் முகத்தைப் பார்க்கிறார்.

நாள் குறித்து, மணி பேசி, இடம் நிச்சயித்துக்கொள்வது சின்ன விஷயந்தான். ஆனால் பதினைந்து வயதுக்கு மேல் இங்கிலீஷ் உண்மையில் உபயோகப்படுவது இம்மாதிரிச் சின்ன விஷயங்களில்தான்.

இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு உருப்போட வைத்தால் பயனில்லை. 1979-ஆம் ஆண்டில், சென்னை பிரிட்டிஷ் கவுன்ஸிலில் இருந்த ஸ்ரீ என். எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். அது 1984 வரை நடைபெற்றது. இலக்கண விதிகளை வரிசையாகப் புகட்டுவதற்குப் பதில், ரயில் கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குகள் போட்டார்கள். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானே படியும் என்பது அவருடைய சித்தாந்தம்.

அந்த வழியில் நம் வகுப்பில் ஒரு விளையாட்டு உண்டு. இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகாக உட்கார வைக்கிறோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாரத்து நாட்குறிப்பு. ஒன்றில் திங்கள் மாலை கிரிக்கெட், புதன் டியூஷன், வெள்ளி பாட்டியைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது. மற்றதில் வேறு வேலைகள். இருவருக்கும் பொதுவாக ஓய்வுள்ள ஒரே ஒரு மணி நேரம் அவற்றில் ஒளிந்திருக்கிறது. அடுத்தவர் தாளைப் பாராமல், பேசியே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். "ஆர் யூ ஃப்ரீ ஆன் மண்டே?", "ஹவ் அபௌட் தர்ஸ்டே?", "ஷல் வி மீட் அட் ஃபைவ்?" என்று வகுப்பு முழுவதும் சந்தைக்கடை போல் இரைச்சல் எழும். உபாத்தியாயருக்கு இதைவிட இனிய சங்கீதம் வேறில்லை.

இதில் பிள்ளைகள் வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு. இங்கிலீஷில் மணிக்கு 'அட்', கிழமைக்கு 'ஆன்', மாதத்துக்கு 'இன்'. நாம் 'ஐந்தே முக்கால்' என்று கடந்துபோன மணியைப் பிடித்துக்கொள்கிறோம். அவர்களோ 'குவார்ட்டர் டு சிக்ஸ்' என்று வரப்போகும் மணியைப் பார்க்கிறார்கள். 'சிக்ஸ்' மட்டும் காதில் விழுந்த பிள்ளை ஆறேகாலுக்குப் போய் நின்றால், காத்திருந்தவர் போய்விட்டிருப்பார். தேதியிலும் ஜாக்கிரதை வேண்டும். 8/5 என்பது நமக்கு மே மாதம் 8-ஆம் தேதி. அமெரிக்கருக்கு ஆகஸ்டு 5. மாதத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் வம்பில்லை. நம் நாட்டில் சர்வ சாதாரணமாக வழங்கும் 'ப்ரீபோன்' என்ற பதம் வெளிநாட்டார் பலருக்கு விளங்காது; 'பிரிங் ஃபார்வர்ட்' என்றால் விளங்கும்.

ஓரிடத்தில் மட்டும் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. நிச்சயமான ஏற்பாட்டை இங்கிலீஷ்காரர் நிகழ்காலத்தில் சொல்லுவார்: "ஐ ஆம் மீட்டிங் ஹிம் டுமாரோ." இலக்கணப் புத்தகத்தில் இதைக் கண்டு பிள்ளைகள் திகைக்கிறார்கள். "நாளைக்கு ஊருக்குப் போகிறேன்" என்று நாம் சொல்வதில்லையா என்று கேட்டால், உடனே முகம் மலர்கிறது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது 'முடியாது' என்று சொல்வது. நமக்குள் "பார்க்கலாம்" என்றாலே போதும்; குரலைக் கொண்டு எதிராளி புரிந்துகொள்வார். இங்கிலீஷில் அந்தக் குரல் எடுபடுவதில்லை. ஆகவே, மரியாதைக்கு அஞ்சி நம் பிள்ளை 'எஸ் ஸார்' என்கிறது. குறித்த நாளில் போகமாட்டாமல் பொய்யன் என்று பெயர் வாங்குகிறது. பிள்ளையிடம் பொய் இல்லை, வார்த்தைதான் இல்லை.

அதனால் மறுப்பை மூன்று படியாகக் கற்பிக்கிறோம்: முதலில் வருத்தம், பிறகு சுருக்கமான காரணம், கடைசியில் வேறொரு நாள். "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ காண்ட். ஐ ஹாவ் அன் எக்ஸாம். குட் வி மேக் இட் மண்டே?" இதில் அச்சம் எங்கே வந்தது என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அச்சம் ஒன்றுமில்லை, அது உபசார வார்த்தை என்கிறோம். பெண் குழந்தைகளுக்கு இன்னொரு வாக்கியத்தையும் அவசியம் சொல்லிக் கொடுக்கிறோம்: "ஐ வில் ஆஸ்க் அட் ஹோம் அண்ட் டெல் யூ டுமாரோ." வற்புறுத்துகிறவரிடம் தலை குனியாமல் ஒரு நாள் அவகாசம் கேட்க அது போதும். அந்நிய பாஷையில் 'ஆகட்டும்' என்று தலையாட்ட யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 'முடியாது' என்று பணிவோடு சொல்லத்தான் கல்வி வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூடத்தில் நாம் எவ்வளவு பழக்கினாலும், டெலிபோன் வந்ததும் "இப்படிக் கொடு, நான் பேசுகிறேன்" என்று நீங்கள் பிடுங்கிக்கொண்டால் அத்தனையும் வீண். அடுத்த முறை குழந்தையையே பேச விடுங்கள். தப்பும் தவறுமாகப் பேசட்டும். நாளும் மணியும் இடமும் சரியாக வந்து சேர்ந்தால், அன்றைய பாடத்தில் அதற்கு முழு மார்க்கு.